98.6: ஒரு சராசரி சட்டமான வரலாறு

நெற்றியில் புறங்கையை வைத்துப் பார்ப்பதுதான் நம் வீடுகளின் மிகப் பழைய வெப்பமானி. அந்தக் கை சொன்னதை உறுதிசெய்யவே தெர்மாமீட்டர் அலமாரியிலிருந்து இறங்குகிறது. அது 98.4 அல்லது 98.6 காட்டினால் ‘நார்மல்’ என்கிறோம். 99 காட்டினால் ‘லேசாக இருக்கிறது’ என்கிறோம். எண்ணுக்கும் உடலுக்கும் கருத்து வேறுபாடு வந்தால் பெரும்பாலும் எண்ணின் பேச்சே எடுபடுகிறது. உடம்பு கொதிக்கிறது என்று சொல்கிற பெண்ணிடம் ‘காய்ச்சல் ஒன்றும் இல்லையே’ என்று சொல்லிவிட முடிகிறது.

இந்த எண்ணுக்குப் பிறந்த ஊர் உண்டு, ஆண்டும் உண்டு. அதை நிறுத்திவைத்துக் கேள்வி கேட்ட வரலாறும் உண்டு. அந்த வரலாற்றில் பெண்ணுடல் எங்கே நின்றது என்பதே இங்கு நாம் பார்க்கப்போவது.

ஜெர்மனியின் லைப்சிக் நகரில் பணியாற்றிய மருத்துவர் கார்ல் வுண்டர்லிஷ், நோய்களில் உடல் வெப்பம் எப்படி நடந்துகொள்கிறது என்பதைப் பற்றி 1868இல் ஒரு பெருநூலை வெளியிட்டார். ஏறத்தாழ 25,000 நோயாளிகளின் அக்குளில் எடுத்த அளவுகள் அதன் அடிப்படை. அளவுகளின் எண்ணிக்கை பத்து லட்சத்தைத் தாண்டும் என்பார்கள். நலமான உடலின் வெப்பம் 37 டிகிரி செல்சியஸ் என்று அவர் சொன்னார். அதைப் பாரன்ஹீட்டுக்கு மாற்றியபோது 98.6 கிடைத்தது. புள்ளிக்குப் பின்னால் நிற்கும் அந்த 6, நுட்பமாக அளந்து கண்டது போலத் தோன்றுகிறது. உண்மையில் அது முழு எண்ணான 37ஐப் பெருக்கிக் கூட்டியதில் விழுந்த எச்சம்.

வெப்பம் விடியலில் தாழ்ந்தும் மாலையில் உயர்ந்தும் இருக்கும் என்றும், பெண்களுக்கு ஆண்களைவிடச் சற்றே கூடுதல் என்றும் வுண்டர்லிஷே எழுதியிருக்கிறார். பரப்பும் அசைவும் நூலுக்குள்ளேயே தங்கிவிட்டன. வெளியே வந்தது ஒற்றை எண் மட்டும். பலரைக் கூட்டி வகுத்துக் கிடைத்த விவரணை ஒன்று, ஒவ்வொருவரும் இப்படித்தான் இருக்க வேண்டும் என்ற விதியாக மாறிப்போனது.

அதே காலத்தில் பெண்ணுடலைப் பற்றி வேறொரு விதியும் எழுதப்பட்டது. ஹார்வர்டில் மருத்துவப் பேராசிரியராக இருந்த எட்வர்ட் கிளார்க் 1873இல் வெளியிட்ட நூலில், ஆண்களைப் போலப் படித்தால் பெண்களின் கருப்பை நலம் குலையும் என்றார். மாதவிலக்கு நாட்களில் மூளைக்கும் உடலுக்கும் ஓய்வு தேவை, ஆகவே ஆண்களின் பாடத்திட்டம் பெண்களுக்கு ஒத்துவராது என்பது அவர் வாதம். அதற்கு அவர் காட்டிய சாட்சிகள் ஏழு பெண்கள். எல்லாரும் நோயுற்று மருத்துவரிடம் வந்தவர்கள். படித்துவிட்டு நலமாக இருந்தவர்கள் மருத்துவரைத் தேடி வரவில்லை என்பதால் கணக்கிலும் வரவில்லை.

மேரி புட்னம் ஜேக்கோபி இதற்குப் பதில் சொன்னார். பாரிஸ் மருத்துவப் பள்ளியில் சேர அனுமதி பெற்ற முதல் பெண் அவர். ஓய்வு தேவையா என்ற கேள்வியை ஹார்வர்ட் தன் பாய்ல்ஸ்டன் பரிசுக்கான தலைப்பாக அறிவித்தபோது, அவர் 1,000 வினாத்தாள்களைப் பெண்களுக்கு அனுப்பினார். 268 பேர் பதில் எழுதினார்கள். அவர்களில் மூன்றில் ஒரு பங்கினருக்கும் சற்று மேற்பட்டோர் மாதவிலக்கில் வலியோ சோர்வோ தமக்கு இல்லை என்றார்கள். அதோடு அவர் நிற்கவில்லை. சில பெண்களின் நாடித்துடிப்பு, சிறுநீரின் யூரியா, உடல் வெப்பம் ஆகியவற்றை மாதத்தின் பல நாட்களில் அளந்தார். வெப்பம் அலைபோல எழுந்து இறங்குவதைக் கண்டார். நல்ல உணவும் நலமும் உள்ள பெண்ணுக்கு மாதவிலக்கின் பொருட்டு மட்டும் ஓய்வு அவசியமில்லை என்று முடித்தார்.

போட்டிக் கட்டுரைகள் பெயரின்றி நடுவர்களிடம் செல்லும். 1876இல் பரிசு அவருக்குக் கிடைத்தது. அந்த ஹார்வர்டின் மருத்துவப் பள்ளி பெண்களை மாணவிகளாகச் சேர்த்துக்கொண்டது 1945இல்.

ஜேக்கோபியிடம் அளவுகள் இருந்தன. ஆனால் சிலரிடம் கண்ட வேறுபாடு தற்செயலா, எல்லாருக்கும் பொருந்துவதா என்று எடைபோடும் தராசு அப்போது உருவாகியிருக்கவில்லை. டப்ளினின் கின்னஸ் மதுவடிப்பு ஆலையில் வேலை பார்த்த வில்லியம் கோசெட் 1908இல் ‘ஸ்டூடன்ட்’ என்ற புனைபெயரில் எழுதிய கட்டுரை, சிறு மாதிரிகளுக்கான அந்தத் தராசைத் தந்தது. அதில் அவர் எடுத்துக்கொண்ட எடுத்துக்காட்டுகளில் ஒன்று 10 நோயாளிகளின் உறக்கம். மருந்தால் ஒவ்வொருவருக்கும் எத்தனை மணி நேரம் கூடியது என்பதே கணக்கு.

அதன் முறை எளியது. முதலில் எதிர்த்தரப்பின் கூற்றை உண்மை என்றே வைத்துக்கொள்கிறோம். இதற்கு இன்மை எடுகோள் என்று பெயர். பிறகு ஒரு மாதிரியை எடுத்து அதன் சராசரியைப் பார்க்கிறோம். கூற்றுக்கும் மாதிரிக்கும் இடைவெளி இருக்கும். இடைவெளி இருப்பதாலேயே கூற்று பொய்யாகிவிடாது, மாதிரிக்கு மாதிரி சராசரி சற்று ஆடும். அந்த ஆட்டத்தின் அளவே திட்டப் பிழை. ஆட்களிடையே உள்ள பரவலை ஆட்களின் எண்ணிக்கையின் வர்க்கமூலத்தால் வகுத்தால் அது கிடைக்கும். இடைவெளி அந்த ஆட்டத்தைப் போல எத்தனை மடங்கு என்று கேட்கிறோம். பெரிய மாதிரியில் அது இரு மடங்கைத் தாண்டினால், கூற்று உண்மையாக இருக்கையில் இவ்வளவு விலகல் நூற்றில் ஐந்து முறைக்கும் குறைவாகவே நேரும். அப்போது கூற்றைக் கைவிடுகிறோம்.

98.6 இந்தத் தராசில் ஏறியது 1992இல். அமெரிக்காவின் மேரிலாந்தில் பிலிப் மக்கோவியாக்கும் உடன் ஆய்வாளர்களும் 18 முதல் 40 வயது வரையிலான நலமான ஆண்கள், பெண்கள் 148 பேரிடம் 700 முறை வாய்வழி வெப்பம் எடுத்தார்கள். சராசரி 98.2, பரவலைக் காட்டும் திட்ட விலக்கம் 0.7. ஒரே ஆளின் பல அளவுகளைத் தனித்தனிச் சாட்சிகளாக எண்ணாமல் 148ஐ மட்டும் கணக்கில் கொண்டாலும் திட்டப் பிழை ஏறத்தாழ 0.06தான். இடைவெளியோ 0.4, அதாவது கிட்டத்தட்ட ஏழு மடங்கு. தற்செயல் என்று சொல்லித் தப்ப வழியில்லை. 700 அளவுகளில் சரியாக 98.6 காட்டியவை 56 மட்டுமே. பெண்களின் சராசரி ஆண்களுடையதைவிடச் சற்று உயர்ந்திருந்தது.

ஆக, 124 ஆண்டுகள் ஆண்ட எண் இறங்கியது. அதன் இடத்தில் 98.2ஐ உட்கார வைப்பதா என்பதுதான் அடுத்து எழும் கேள்வி. சோதனை கேட்டது சராசரியைப் பற்றி மட்டுமே. கருமுட்டை வெளிவந்த பின் ஒரு பெண்ணின் வெப்பம் அரை முதல் ஒரு டிகிரி பாரன்ஹீட் வரை உயர்ந்து, அடுத்த மாதவிலக்கு வரை அங்கேயே நிற்கிறது. மாதத்தில் பாதி கீழ்த்தளத்திலும் பாதி மாடியிலும் வாழ்கிறவளின் சராசரி முகவரி நடுப்படிக்கட்டு. அங்கே போய்த் தேடினால் அவள் இருக்கமாட்டாள்.

அவளைக் காண வேண்டுமானால் கேள்வியை மாற்ற வேண்டும். ஒரே பெண்ணின் முன்பாதி அளவையும் பின்பாதி அளவையும் கழித்து, அந்த வேறுபாட்டின் சராசரி பூஜ்யமா என்று சோதிக்க வேண்டும். உறங்கிய 10 பேரிடம் ஸ்டூடன்ட் கேட்டது இதே வகைக் கேள்வி. ஜேக்கோபி தன் அளவுகளை நாள்வாரியாக அடுக்கியபோது தேடியதும் இதைத்தான்.

கேள்வியை மாற்றுவதற்குப் பதிலாகப் பெண்ணையே விலக்கிவிடும் வழியும் இருந்தது. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 1977இல், கருவுறும் வாய்ப்புள்ள பெண்களை மருந்துகளின் தொடக்கநிலைச் சோதனைகளிலிருந்து தள்ளி வைக்கச் சொன்னது. கருவுக்கு ஆபத்து வரலாம் என்பது காரணம். மாதச் சுழற்சி கணக்கைச் சிக்கலாக்கும் என்று ஆய்வாளர்களும் ஒதுக்கினார்கள். 1993இல்தான் அந்த வழிகாட்டுதல் விலக்கப்பட்டது. இடைப்பட்ட காலத்தில் ‘பெண்களிடம் வேறுபாடு காணப்படவில்லை’ என்று சொல்ல ஒரு சோதனையும் தேவைப்படவில்லை. பார்க்காத இடத்தில் எதுவும் காணப்படாது. பார்த்தாலும், போதிய ஆட்கள் இல்லாத ஆய்வு கூற்றைத் தகர்க்க முடியாமல் போகலாம். கூற்று தகரவில்லை என்பதும் கூற்று மெய்யானது என்பதும் ஒன்றல்ல.

மாதவிலக்கு விடுப்பு பற்றி இன்று நம் அலுவலகங்களிலும் கல்லூரிகளிலும் நடக்கும் வாதங்களிலும் இரு தரப்பும் ‘சராசரிப் பெண்’ணையே சாட்சிக்கு அழைக்கின்றன. சராசரியாக வலி குறைவு என்றால் வலியில் சுருண்டு கிடப்பவளுக்கு விடுப்பு மறுக்கப்படும். சராசரியாக வலி அதிகம் என்றால் வலியே அறியாதவளுக்கு வேலை மறுக்கப்படும். முந்தையது நம் காலத்துக் கொடுமை, பிந்தையது கிளார்க்கின் பழைய வாதம். ஜேக்கோபியின் 268 பதில்களில் இந்த இரண்டு பெண்களும் இருந்தார்கள்.

இனி யாராவது ‘பெண்கள் பொதுவாக’ என்று தொடங்கினால் நாம் கேட்க வேண்டியவை சில உண்டு. எத்தனை பெண்கள், எந்த ஊர், எந்த வயது? மாதத்தின் எந்த நாளில் அளந்தீர்கள்? பரவல் எவ்வளவு? இவற்றுக்குப் பதில் வந்த பிறகு சராசரியைச் சொல்லட்டும், கேட்டுக்கொள்வோம்.