ரிலே போட்ட கணக்கு

2012 ஜூலை 30, அதிகாலை 2.33. மத்தியப் பிரதேசத்தில் பினா–குவாலியர் 400 கேவி லைன் ட்ரிப் ஆச்சு. வட இந்தியா இருண்டது. மறுநாள் மதியம் மறுபடி அதே லைன். இந்த முறை கரண்ட் போனது சுமார் 60 கோடி பேர் வாழும் பகுதிக்கு.

இத்தனைக்கும் அந்த லைன்ல கோளாறே இல்லை!

ரிலேவுக்குக் கண் கிடையாதுங்க. லைனின் வோல்டேஜை பி.டி. 110 வோல்ட் அளவுக்கும், கரண்டை சி.டி. 1 ஆம்பியர் அளவுக்கும் சுருக்கித் தரும். எந்த விகிதத்தில் சுருக்கினோம்னு நாமதான் ரிலேயில் பதியணும். வோல்டேஜை கரண்டால் வகுத்து, கோளாறு எவ்வளவு தூரத்தில்னு அது கணிக்கும். அன்னைக்கு லோடு ஏறி, வோல்டேஜ் இறங்க, விடை தூரத்துக் கோளாறு மாதிரியே வந்தது. செட்டிங்படி ரிலே தன் வேலையைச் செய்தது.

தமிழ்நாடு தப்பியது. காரணம், தெற்கு கிரிட் அப்போ தனி. 2013 டிசம்பர் 31-ல் ராய்ச்சூர்–சோலாப்பூர் 765 கேவி லைன் இரண்டையும் இணைத்தது.

இன்னைக்கு தர்மபுரியின் 765 கேவி துணை மின்நிலையமும் அதே ஒரே கிரிட்டில்தான். அங்கே சி.டி. விகிதத்தில் ஒரு எண் தப்பினால், ரிலே தேவையில்லாமல் லைனை வெட்டும். இல்லை, வெட்ட வேண்டிய நேரத்தில் சும்மா இருக்கும். இரண்டுமே ஆபத்துதான்.