கைத்தொலைபேசியின் ஆயுள்

கடிகாரம் பழுதுற்றால் அதனைச் செப்பனிடுவோர் ஊர்தோறும் உளர். துவிச்சக்கரவண்டி தேய்ந்தால் தேய்ந்த உறுப்பை மாற்றி மேலும் பல்லாண்டு ஓட்டலாம். அவற்றைச் செய்த கம்பனி மூடப்பட்டாலும் அவற்றின் உழைப்புக்கு ஊறு நேர்வதில்லை. இக்காலத்துத் திறன்பேசியோ இவற்றினின்றும் வேறுபட்டது. கண்ணாடி உடையாமலும் மின்கலம் தளராமலும் இருக்கும்போதே அது முதுமை எய்திவிடுகின்றது. ஏனெனில், அதனை இயக்கும் மென்பொருளிற் குறைகள் இடையறாது கண்டுபிடிக்கப்படுகின்றன. அவற்றை நீக்கும் திருத்தங்கள் வந்துகொண்டிருக்கும்வரையே அது நம்பத்தக்க கருவியாகும். அவை நின்றபின், கள்வர் கையிற் சாவி அகப்பட்ட வீட்டின் நிலையே அதன் நிலை. வங்கிக் கணக்கும் குடும்பக் கடிதங்களும் அவ்வீட்டினுள்ளேதான் இருக்கின்றன.

இத்திருத்தங்கள் எத்தனை ஆண்டுகளுக்கு வரவேண்டும்? இவ்வினாவின் வரலாறே இங்குக் கூறப்படுவது.

2008ஆம் ஆண்டில் முதலாவது அன்ட்ரொயிட் கைத்தொலைபேசி விற்பனைக்கு வந்தது. அதன் இயங்குதளத்தை எழுதுவது கூகிள் நிறுவனம். அதனைத் தன் சில்லுக்கு இசைவிப்பது சில்லு செய்வோர் வேலை. தன் கருவிக்கேற்ப மாற்றுவது கருவி செய்வோர் வேலை. சில நாடுகளில், அதனைப் பரிசோதித்து ஒப்புதல் வழங்குவது தொலைபேசிச் சேவை நடத்துவோர் வேலை. இவ்வாறு ஒரு திருத்தம் நான்கு கைகள் மாறியே மக்களிடம் வந்தது. ஒரு கை சோர்ந்தாலும் வரவு நின்றது. கருவியை ஒருமுறை விற்றுப் பொருளீட்டியோர்க்குப் பழைய கருவியைப் பேணுவதில் வருவாய் இல்லை. செலவே உண்டு.

2011 மே மாதத்திற் சான் பிரான்சிஸ்கோ நகரில் நடந்த கூகிள் மாநாட்டில், கருவி செய்வோரும் சேவை நடத்துவோரும் கூடி, புதிய கருவிகளுக்குப் பதினெட்டு மாதங்கள் புதுப்பிப்பு வழங்குவதாக வாக்களித்தனர். அவ்வாக்கை மீறுவோர்க்குத் தண்டனை எதுவும் விதிக்கப்படவில்லை. ஆகவே அது விரைவில் மறக்கப்பட்டது. 2013ஆம் ஆண்டில் அன்ட்ரொயிட்டின் புதிய பதிப்பு வெளிவந்தபோது, கூகிளின் பெயர் தாங்கிய கலக்சி நெக்சசுக்கே அது மறுக்கப்பட்டது. அக்கருவி வெளிவந்து ஏறத்தாழ ஈராண்டுகளே ஆகியிருந்தன. பதினெட்டு மாதங்கள் கடந்துவிட்டன என்பதே சொல்லப்பட்ட காரணம். மக்களுக்குக் காப்பாக இருக்கவேண்டிய எல்லை, கைவிடுவோர்க்குக் காப்பாயிற்று.

அச்சம் 2015இல் வந்தது. ஒரு குறுஞ்செய்திப் படத்தின் வழியாகவே கருவியினுள் நுழைய இடந்தரும் 'ஸ்டேஜ்பிரைட்' என்னும் குறையை, யோசுவா டிரேக் என்னும் ஆய்வாளர் அவ்வாண்டு யூலையில் அறிவித்தார். ஏறத்தாழ 95 கோடி கருவிகள் ஆபத்துக்குட்பட்டவை என அன்று மதிப்பிடப்பட்டது. அடுத்த மாதமே, பாதுகாப்புத் திருத்தங்களைத் திங்கள்தோறும் வெளியிடும் வழக்கத்தைக் கூகிள் தொடங்கியது. ஆயினும் வெளியிடுவது வேறு, மக்கள் கையிற் சேர்வது வேறு அன்றோ? ஒல்லாந்து நாட்டின் நுகர்வோர் சங்கம் 2016இல் சாம்சுங் நிறுவனத்தின்மீது இது குறித்து வழக்குத் தொடுத்தது. 2018இல் ஹேக் நகர நீதிமன்றம் சங்கத்தின் கோரிக்கையை நிராகரித்தது.

அதே ஒல்லாந்து நாட்டில் வேறொரு விடை உருவாகிக்கொண்டிருந்தது. அம்ஸ்டர்டாம் நகரத்துச் சிறு நிறுவனமாகிய ஃபெயர்போன், 2015ஆம் ஆண்டின் இறுதியில் தன் இரண்டாவது கருவியை வெளியிட்டது. அதன் சில்லைச் செய்த குவால்கொம் நிறுவனம் அன்ட்ரொயிட்டின் ஆறாம் பதிப்போடு அச்சில்லுக்கான ஆதரவை நிறுத்திக்கொண்டது. மற்றையோராயின் கருவியைக் கைவிட்டிருப்பர். ஃபெயர்போனோ தானே முயன்று ஏழாம், ஒன்பதாம், பத்தாம் பதிப்புகளை அதே கருவிக்குக் கொண்டுவந்தது. 2023 மார்ச் மாதத்திலேயே அக்கருவிக்கான ஆதரவு முடிவுற்றது. ஏழாண்டுகள்! சில்லையும் மென்பொருளையும் தானே ஆக்கும் அப்பிள் நிறுவனமும், 2013இல் விற்பனைக்கு வந்த ஐபோன் 5எஸ் கருவிக்கு 2023 சனவரியிற்கூடப் பாதுகாப்புத் திருத்தம் வழங்கியது. பெரும் பொருளுடைய நிறுவனம் செய்தது வியப்பன்று. சிறு நிறுவனமும் செய்துகாட்டியமையால், ஏனையோரிடம் குறைந்திருந்தது ஆற்றலன்று, மனமே என்பது புலனாயிற்று.

மனமில்லாவிடத்துச் சட்டம் வேண்டியதாயிற்று. ஐரோப்பிய ஒன்றியம் 2023இல் இயற்றிய விதிகள் 2025 யூன் 20ஆந் தேதி நடைமுறைக்கு வந்தன. ஒரு மாதிரியைச் சந்தைக்கு அனுப்புதல் நின்ற நாளிலிருந்து குறைந்தது ஐந்தாண்டுகளுக்கு இயங்குதளப் புதுப்பிப்புகள் விலையின்றிக் கிடைக்கவேண்டும் என்பது அவற்றுள் ஒன்று. அவ்விதிகள் நடைமுறைக்கு வருமுன்பே, 2023 ஒக்டோபரிற் கூகிளும் 2024 சனவரியிற் சாம்சுங்கும் தம் உயர்விலைக் கருவிகளுக்கு ஏழாண்டு ஆதரவை அறிவித்தன. பதினெட்டு மாதங்களையே காக்க இயலாதிருந்த தொழில், பன்னிரண்டு ஆண்டுகளில் ஏழாண்டுகளை விளம்பரமாகச் சொல்லும் நிலையை எய்தியது.

எனினும் ஏழாண்டு வாக்குறுதி உயர்விலைக் கருவிகளுக்கே முதலில் உரியதாயிற்று. செல்வர் ஈராண்டில் மாற்றிவிடும் கருவி, எளியோர் கைக்கு வந்து பின்னும் பல்லாண்டு உழைக்கின்றது. பழைய கருவியின் பாதுகாப்பு என்பது எளியோரின் பாதுகாப்பே ஆகும். ஆதலால் கருவி வாங்குவோர் விலையையும் ஒளிப்படத் திறனையும் வினவுவதோடு, எந்த ஆண்டுவரை திருத்தங்கள் வரும் என்பதையும் வினவுதல் வேண்டும். 2011ஆம் ஆண்டின் வாக்குறுதி மறைந்தது, அதனை நினைவிற்கொண்டு கேட்போர் இன்மையாலேயே.