அரக்குத் தடியும் அதன் இரு நிறங்களும்

கண்டிப் பிரதேசத்து அரக்கு வேலையைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் அதன் அழகினின்றே தொடங்குவர். நாம் தடியினின்று தொடங்குகிறோம். ஈட்டிக்காம்பு, கொடிக்கம்பு, ஆலவட்டப் பிடி, கைத்தடி ஆகிய உருண்டைக் கோல்களே இக்கலையின் முக்கிய களங்களாக இருந்தன. இவ்வினைஞர் சிங்களத்தில் 'ஈ வடுவோ', அதாவது அம்பு செய்யும் தச்சர், எனப்பட்டமை கருத்திற் கொள்ளத்தக்கது. அரசின் போர்த்தேவையோடும் ஊர்வலச் சிறப்போடும் பிணைந்த உழைப்பு இது.

கடைசல் முறையிற் சுழலும் மரத்தின்மீது நிறமூட்டிய அரக்குக் குச்சி அழுத்தப்படும். உராய்வின் சூட்டில் அரக்கு உருகிப் படியும். சிவப்பின்மேல் மஞ்சள் வளையம் நேராக அமைவது மரம் சுழல்வதனாலேயே. மாத்தளைப் பகுதியிற் பல்லேஹபுவிடவிற் பேணப்பட்டுவந்த 'நியபொத்து' எனும் நகவேலையில் இவ்வசதி இல்லை. தடியைத் தணலிற் காட்டி, சிவப்பு அரக்கைப் பூசி, ஓலைத் துண்டினால் மட்டப்படுத்துவர். பின்னர் மஞ்சள் அரக்கை இளக்கி நூலாக இழுத்து, சூடான தடியில் ஒட்டி, பெருவிரல் நகத்தாற் கிள்ளித் துண்டிப்பர். தூரிகை இல்லை. சூடு மிகுந்தால் நூல் பரந்து கோடு கெடும்; குறைந்தால் ஒட்டாது. கோட்டின் நேர்த்தி என்பது, ஆகவே, தணலுக்கும் விரலுக்கும் இடையிலான பல்லாண்டுப் பழக்கமேயாகும்.

சிவப்புக்குச் சாதிலிங்கமும் மஞ்சளுக்கு அரிதாரமும் பயன்பட்டன. சாதிலிங்கம் எனும் சொல் சிங்களத்திலும் தமிழிலும் ஒன்றே. (பண்பாட்டுத் தூய்மை பேசுவோர் இரு பக்கத்தும் உளர், அவர்கள் இதனைச் சற்றே கவனிப்பது நன்று.)

இக்கலையை உலகறியச் செய்தவர் ஆனந்த குமாரசுவாமி. மத்தியகாலச் சிங்களக் கலை பற்றிய அவரது நூல் 1908இல் 425 பிரதிகளாக, வில்லியம் மொறிஸ் பயன்படுத்திய அதே கையச்சுப் பொறியில் அச்சாயிற்று. மொறிஸ் 1884இற் சோசலிசக் கழகத்தை நிறுவியோருள் ஒருவர். குமாரசுவாமி அவரிடமிருந்து பொறியைப் பெற்றார், கைவினையின் மீதான மதிப்பைப் பெற்றார். வர்க்கப் பார்வையைப் பெறவில்லை. நிலப்பாதுகாப்பே கைவினைஞனுக்கு அவசரமற்ற உழைப்பை அளித்தது என அவர் கண்டது பெருமளவு சரியே. ஆயின் அந்நிலம் சாதிக் கடமையோடு கட்டுண்டிருந்தது என்பதை அவரது பரிவு மென்மையாக்கிவிடுகிறது.

கோல்புறூக் ஆணைக்குழுவின் சிபாரிசையொட்டி 1832இல் இராசகாரியம் ஒழிக்கப்பட்டது. கட்டாய உழைப்பு நீங்கியமை முன்னேற்றமே என்பதில் நமக்கு ஐயமில்லை. எனினும் அச்சீர்திருத்தம் வேண்டிநின்றது சந்தையில் விலைபோகும் உழைப்பை. அரக்குத் தடியை அன்று. ஆதரித்த அரசவையோ 1815இலேயே மறைந்துவிட்டது. விகாரை, தேவாலை நிலங்களிலும் நிந்தகமங்களிலும் மட்டும் பழைய சேவைமுறை எஞ்சிற்று. 1870ஆம் ஆண்டின் சேவை நிலவுரிமைச் சட்டம் அச்சேவைகளையும் பணமாக மாற்றிக்கொள்ள வழிசெய்தது. ஆணையாளர் ஒவ்வொரு பங்கின் ஆண்டுக் கடமைக்கும் பெறுமதி குறித்தனர். அவர்கள் மதிப்பிட்டது நிலத்தின்மீதிருந்த கடமையை. நகத்தாற் கிள்ளிய கோடு நேரானதா கோணலானதா என்பதற்கு அக்கணக்கில் இடமிருக்கவில்லை.