தேடாமல் கிடைத்தால் மதிப்பு குறையுமா?

பெருமதிப்பிற்குரிய நடுவர் அவர்களே, இந்தப் பக்கம் அமர்ந்திருக்கும் என் அணித் தோழர்களே, அந்தப் பக்கம் அமர்ந்திருக்கும் பழங்காலத்து ஜமீன்தார்களே! (சிரிப்பு) ஷிப்ட் முடிந்து வீட்டுக்குக்கூடப் போகாமல் நேராக இங்கே வந்து உட்கார்ந்திருக்கும் கும்மிடிப்பூண்டி சிப்காட் தம்பிகளே, தாய்மார்களே!

பாட்டின் அருமை தெரிந்தது தேடிக் கேட்ட காலத்திலா, தேடாமல் கிடைக்கும் காலத்திலா என்பது தலைப்பு. எதிரணித் தலைவர் பத்து நிமிஷம் கண் கலங்கினார். இசைத்தட்டு போச்சு, சிலோன் ரேடியோ போச்சு, கேசட் போச்சு என்றார். ராக் இசையைத்தான் பெரிய உதாரணமாகக் காட்டினார். "ஒரே ஒரு ராக் கேசட்டுக்காக மூர் மார்க்கெட் முழுக்க அலைந்தோம், அதனால் உயிராக நினைத்தோம். இன்றைக்குக் குழந்தை விரலால் தடவினால் வருகிறது, அரை நிமிஷத்தில் தள்ளிவிடுகிறது" என்றார். நீங்க எல்லாரும் கைதட்டினீங்க. நானும்தான் தட்டினேன். ஆனா எனக்கு ஒரே ஒரு சந்தேகம். அலைந்தோம், தேடினோம்னு சொன்னீங்களே ஐயா, அலைந்தது யாரு?

எங்க வீட்டுக் கதையைச் சொல்றேன். எங்க அண்ணன் 1979-ல பெரம்பூர் ஐ.சி.எஃப்-ல அப்ரண்டிஸாகச் சேர்ந்தார். காலையில இந்த கும்மிடிப்பூண்டியில ரயில் ஏறினா, பேசின் பிரிட்ஜ்ல இறங்கி, திருவள்ளூர் லைன் வண்டி மாறி, பெரம்பூர். அந்தப் பெரம்பூரில் ரயில்வேயில் வேலை பார்த்த ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள் நிறைய. நம்ம வடசென்னைக்கு ராக் இசை வந்து சேர்ந்த வழிகளில் அது முக்கியமான ஒன்று. அவங்க வீட்டில் கிட்டார் இருக்கும், பியானோ இருக்கும். அங்கிருந்து சினிமா ஒலிப்பதிவுக் கூடத்துக்கும் ஆட்கள் போனாங்க. மெல்லிசை மன்னர் இசைக்குழுவில் டிரம்ஸ் வாசித்த நோயல் கிராண்ட் ஆங்கிலோ இந்தியர்தான்.

ராக் என்றால் என்னம்மா என்று கேட்கும் தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை. எலெக்ட்ரிக் கிட்டார், பேஸ் கிட்டார், டிரம்ஸ், அதுக்கு மேல ஒரு ஆள் தொண்டை கிழியப் பாடுவார். அவ்வளவுதான். (சிரிப்பு) நீங்க கேட்டதே இல்லைன்னு நினைக்காதீங்க. 1964-ல "காதலிக்க நேரமில்லை", 1966-ல "அன்பே வா". அந்தப் படங்களின் பாட்டுக்குத் தாளம் போட்டவங்க எல்லாருக்கும் அந்தக் காற்று கொஞ்சம் பட்டிருக்கு. அப்புறம் இளையராஜா வந்தார். சதானந்தம் கிட்டார், சசிதரன் பேஸ், புருஷோத்தமன் டிரம்ஸ். தஞ்சாவூர்க் கிராமத்துக் கல்யாண வீட்டு ஸ்பீக்கரில்கூட பேஸ் கிட்டார் கேட்டுச்சு. இதுக்குப் பேர் என்னன்னு யாரும் கேட்கல, யாரும் சொல்லவும் இல்ல.

அண்ணனுக்கு அங்கே ஒரு நண்பர். அவர் ஒரு கேசட் பதிவு பண்ணிக் கொடுத்தார். அட்டையில பேனாவால "டி.பி." என்று இரண்டு எழுத்து. வேற ஒண்ணும் கிடையாது. அண்ணன் அதைப் பூஜை அறைக்குப் பக்கத்து அலமாரியில் பூட்டி வைப்பார். "தொடாதே, டேப் அறுந்துடும்" என்பார். அவர் கேட்கும்போது நான் வாசல் திண்ணையில உட்கார்ந்து கேட்கலாம். உள்ளே வரக்கூடாது. எனக்கு அப்போ பதிமூணு வயசு.

நடுவர் அவர்களே, பூட்டு என்று ஒன்று இருந்தால் சாவி என்று ஒன்று இருக்கும். (சிரிப்பு) அவர் வேலைக்குப் போனதும் எடுப்பேன். டேப் ரெக்கார்டரில் மூணு இலக்கத்தில் ஒரு கவுண்டர் இருக்குமே, ஞாபகம் இருக்கா? அவர் நிறுத்தின இடத்தில் என்ன நம்பர்னு கையில பேனாவால எழுதிக்குவேன். கேட்டு முடிச்சு, திரும்பச் சுற்றி, அதே நம்பரில் கொண்டுவந்து நிறுத்துவேன். எனக்குப் பிடிச்ச பாட்டு 214-ல ஆரம்பிக்கும். நாலு ஸ்வரம் மாதிரி ஒரு கிட்டார் வரும், திரும்பத் திரும்ப வரும். ஒரு நாள் டேப் சிக்கிக்கொண்டது. பென்சிலை விட்டுச் சுற்றச் சுற்ற வெளியே வந்ததே தவிர உள்ளே போகல. சாயங்காலம் அண்ணன் வந்து பார்த்தார். அடிக்கல. "உனக்கு எதுக்கு இங்கிலீஷ் பாட்டு?"ன்னு ஒரே ஒரு கேள்வி கேட்டார். அடிச்சிருந்தாகூட மறந்திருப்பேன்.

இதுதானய்யா நீங்க சொன்ன "தேடிய காலம்". மூர் மார்க்கெட்டில் பழைய இசைத்தட்டு வாங்கினோம் என்றீங்க. என் வயசுப் பெண் அந்தக் கடை வாசலில் நின்று பேரம் பேச முடியுமா? ஐ.ஐ.டி.யில் 1974-லிருந்து மார்டி கிரா என்று விழா, ராக் கச்சேரி நடந்தது, 1996-ல அது சாரங் ஆனது என்றீங்க. ரொம்ப சந்தோஷம். ராத்திரி கச்சேரி முடிஞ்சு கும்மிடிப்பூண்டிக்கு எந்த வண்டியில வர்றது? வந்தா எங்க வீட்ல கதவைத் திறப்பாங்களா? (கைதட்டல்) இதை நான் குறையாகச் சொல்லல. உங்களுக்கு அருமையாக இருந்த பொருளில் பாதி, அது மத்தவங்களுக்குக் கிடைக்காததால் வந்த அருமை. அதை மட்டும் கொஞ்சம் கழிச்சுட்டுக் கணக்குப் போடுங்க என்கிறேன்.

சரி, ரேடியோவைப் பற்றிச் சொன்னீங்க. அதை மறுக்கவே மாட்டேன். 1952-ல மத்திய அமைச்சர் பி.வி. கேஸ்கர், சினிமாப் பாட்டு தரம் குறைந்தது என்று ஆல் இந்தியா ரேடியோவில் அதைக் குறைத்துவிட்டார். நாடே சிலோன் பக்கம் திரும்பியது. இரண்டாம் உலகப் போரில் பட்டாளத்துக்காக வைத்த ட்ரான்ஸ்மிட்டர் அங்கே இருந்தது, அலை எங்க ஊர் வரைக்கும் தாராளமாக வந்தது. தமிழ்ப் பாட்டும் வந்தது, ஆங்கில ஒலிபரப்பில் பாப், ராக்கும் வந்தது. 1957 அக்டோபரில் விவித் பாரதி வந்த பிறகுதான் நம்ம வானொலி இறங்கி வந்தது. நடுவர் அவர்களே, இங்கே ஒன்றைக் கவனிக்கணும். சிலோன் ரேடியோ தேடிக் கேட்டதா, தேடாமல் வந்ததா? டீக்கடையில் கடைக்காரர் வைப்பார், பெஞ்சில் உட்கார்ந்த அத்தனை பேர் காதிலும் விழும். அறிவிப்பாளர் எதைப் போடுகிறாரோ அதுதான் பாட்டு. ஆக, எதிரணி கொண்டாடுகிற ரேடியோ, எங்க கட்சிக்குத்தான் சாட்சி! (கைதட்டல்)

அப்புறம் பாட்டுப் பதிவு செய்யும் கடை. நான் கல்யாணமாகி திருவள்ளூர் போனேன். தேரடிப் பக்கம் ஒரு கடை. பேர் வேண்டாம், அவர் பிள்ளைகள் இந்த நிகழ்ச்சியைப் பார்ப்பாங்க. நமக்கு வேண்டிய பாட்டை ஒரு தாளில் எழுதிக் கொடுத்தால், காலி கேசட்டில் பதிவு பண்ணித் தருவார். அறுபது நிமிஷக் கேசட்டில் பன்னிரண்டு பாட்டு அடங்கும். எனக்கு அந்தப் பாட்டின் பெயரும் தெரியாது, பாடினவர் பெயரும் தெரியாது. "டி.பி." என்றேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்து, "பக்திப் பாட்டாம்மா?" என்றார். (பலத்த சிரிப்பு) கிட்டாரை வாயால பாடிக் காட்டலாம்தான். பக்கத்தில் மாமியார் நின்னாங்க. (சிரிப்பு)

எதிரணியில் பேசிய தம்பி ஒன்று சொன்னார். இன்றைக்கு எல்லாம் கிடைப்பதால் எதற்கும் வரலாறு தெரிவதில்லை என்றார். தம்பி, எனக்கு வரலாறு தெரிந்ததே இப்போதுதான்.

2018-ல ஒரு நாள். அம்மாவைப் பார்க்க கும்மிடிப்பூண்டி வர்றேன். நம்ம வண்டி எங்கேயிருந்து கிளம்புது? மூர் மார்க்கெட் காம்ப்ளெக்ஸ். 1985 மே மாதம் அந்தப் பழைய மார்க்கெட் தீப்பிடித்து எரிந்தது. புத்தகம், இசைத்தட்டு எல்லாம் போச்சு. அந்த இடத்தில்தான் இன்றைக்கு புறநகர் ரயில் நிலையம். எந்தக் கடை வாசலில் நான் நிற்க முடியாதோ, அதே இடத்தில் ஜன்னல் ஓரமாக உட்கார்ந்து போனில் கேட்கிறேன். என் மகள் ஒரு ஆப் போட்டுக் கொடுத்திருந்தாள். பக்கத்தில் பாட்டு ஓடினால் பெயர் சொல்லுமாம். அந்த நாலு ஸ்வரத்தை நான் பாடிக் காட்டினேன், அதுக்குத் தெரியல, என் குரல் அப்படி. (சிரிப்பு) மகளுக்குத் தெரிந்தது. "அம்மா, இது டீப் பர்ப்பிள். ஸ்மோக் ஆன் தி வாட்டர்" என்றாள். டி.பி.! முப்பத்தொன்பது வருஷம் கழித்து எனக்குப் பெயர் தெரிந்தது.

என்ன பாட்டு என்று படித்தேன். 1971 டிசம்பர், சுவிட்சர்லாந்தில் மோந்த்ரோ என்ற ஊர். ஏரிக்கரையில் ஒரு கேளிக்கை மண்டபம். உள்ளே ஃபிராங்க் ஸாப்பாவின் கச்சேரி. கூட்டத்தில் ஒருத்தர் தீப்பொறித் துப்பாக்கியால் சுட, கூரை பற்றிக்கொண்டு மண்டபமே எரிந்து போச்சு. தங்கள் ஆல்பத்தைப் பதிவு செய்ய அந்த ஊருக்கு வந்திருந்த டீப் பர்ப்பிள் குழு, ஏரி மேல் புகை படர்வதைப் பார்த்தது. அடுத்த வருஷம் "மெஷின் ஹெட்" ஆல்பத்தில் அது பாட்டாக வந்தது. தீப்பிடித்து எரிந்த ஒரு கட்டடத்தைப் பற்றிய பாட்டு. அதை நான் தெரிந்துகொண்டபோது எந்த இடத்திலிருந்து கிளம்பிய வண்டியில் உட்கார்ந்திருந்தேன் என்று நினைச்சுப் பாருங்க.

அந்தப் பழக்கத்தில் அடுத்தடுத்துப் பார்த்தேன். போன் தானாக ஒரு வீடியோவைப் போட்டது. சத்தியமாக நான் தேடல. கறுப்பு வெள்ளைப் படம். 1964, இங்கிலாந்தில் மான்செஸ்டர். பயன்பாட்டில் இல்லாத ஒரு ரயில் நிலையம். ஒரு பிளாட்பாரத்தில் ஜனங்க உட்கார்ந்திருக்காங்க. எதிர்ப் பிளாட்பாரத்தில் மழை ஈரத்தில் கோட்டு போட்ட ஒரு அம்மா, தோளில் எலெக்ட்ரிக் கிட்டார் மாட்டி நிற்கிறாங்க. சிஸ்டர் ரோஸெட்டா தார்ப். அமெரிக்கக் கறுப்பினப் பெண். சர்ச்சில் பாடி வளர்ந்தவர். எல்விஸ் பிரெஸ்லி புகழ் பெறுவதற்குப் பத்து வருஷம் முன்னாலேயே எலெக்ட்ரிக் கிட்டாரை அப்படி வாசித்தவர். கறுப்பர்களின் இசைத்தட்டுகளுக்கு அந்த நாட்டில் "ரேஸ் ரெக்கார்ட்ஸ்", அதாவது இனத்தட்டு என்றே பெயர். 1949-லதான் பில்போர்ட் பத்திரிகை அதை "ரிதம் அண்ட் புளூஸ்" என்று மாற்றியது. பிக் மாமா தார்ன்டன் என்ற இன்னொரு கறுப்பினப் பெண்மணி முதலில் பாடிய "ஹவுண்ட் டாக்" பாட்டை 1956-ல எல்விஸ் பாடினார், உலகம் அவரைத்தான் தெரிந்துகொண்டது. ரோஸெட்டா 1973-ல இறந்தார். பல வருஷம் அவர் கல்லறையில் பெயர்க்கல்கூட இல்லை. ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேம் என்ற கௌரவம் அவருக்குக் கிடைத்தது 2018-ல. இறந்து நாற்பத்தைந்து வருஷம் கழித்து!

தேடித் தேடி மதித்த காலத்தில் உலகத்தில் எத்தனை லட்சம் ராக் ரசிகர்கள் இருந்தாங்க! இந்த அம்மாவை எத்தனை பேர் தேடினாங்க? கடையில் தட்டு இல்லாவிட்டால் தேடவும் தோன்றாதே. "உனக்கு எதுக்கு கிட்டார்"னு அந்த அம்மாகிட்டயும் எத்தனை பேர் கேட்டிருப்பாங்களோ. மீஞ்சூர் தாண்டி பொன்னேரி வர்ற வரைக்கும் நான் அழுதுட்டே வந்தேன். எதிர் சீட்டில் இருந்த அம்மா, யார் இறந்துட்டாங்கன்னு கேட்டாங்க.

நம்ம ஊருக்கு வருவோம். அதே 2018 ஜனவரியில் கீழ்ப்பாக்கத்தில் ஒரு மேடை. இயக்குநர் பா. ரஞ்சித்தும் இசைக்கலைஞர் தென்மாவும் சேர்த்த "கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்" குழு. கானாவும், ராக்கும், ராப்பும் ஒரே மேடையில். அயோத்திதாசப் பண்டிதரின் "சாதியற்ற தமிழர்" என்ற சொல்லிலிருந்து எடுத்த பெயர். கானா நம்ம வடசென்னைப் பாட்டு. சாவு வீட்டுப் பாட்டு என்று ஒதுக்கின பாட்டு. அதை எலெக்ட்ரிக் கிட்டாருக்குப் பக்கத்தில் சமமாக நிறுத்தினாங்க. அந்த வீடியோவை என் மகள் அனுப்பல, எங்க அண்ணன் பேரன் அனுப்பினான். ஸ்கூல் பையன்.

ஒன்றை ஒத்துக்கொள்கிறேன். எதிரணி சொன்னதில் நியாயம் உண்டு. அன்றைக்கு ஒரு கேசட்டை ஆறு வருஷம் கேட்டேன், எந்த மூச்சு எங்கே வரும்னு தெரியும். இன்றைக்குப் போனில் அப்படி ஒரு பாட்டையும் நான் கேட்டதில்லை. போன் எனக்கு எது பிடிக்கும் என்று தானே முடிவு பண்ணிப் போடுது. அண்ணன் பண்ணினதும் அதேதான். போன்கிட்ட மறுத்துப் பேசலாம், அது கோவிச்சுக்காது. (சிரிப்பு)

ஆனா தேடாமல் வந்ததை மனுஷன் தூக்கி எறிஞ்சிடுவான் என்கிறீங்களே, அதை மட்டும் ஒத்துக்க மாட்டேன். எங்க அண்ணன் வீட்டு மாடியில் ஒடிசாவிலிருந்து வந்த நாலு பசங்க குடியிருந்தாங்க. சிப்காட்டில் இரும்பு உருட்டு ஆலையில் வேலை. ஒரு பையன் போனில் சம்பல்பூரிப் பாட்டு கேட்டுட்டு இருந்தான். திடீர்னு லிங்கின் பார்க் வந்தது. அவனுக்குத் தமிழும் வராது, இங்கிலீஷும் வராது. எப்படிப்பா இது என்று சைகையிலும் அரைகுறை இந்தியிலும் கேட்டேன். பஸ் ஸ்டாண்டுப் பக்கம் செல்போன் கடையில் இருபது ரூபாய் கொடுத்து மெமரி கார்டில் பாட்டு ஏற்றினானாம். கடைக்காரர் வேற யாருடைய பாட்டையோ தவறிச் சேர்த்துட்டாராம். அது வந்தது தப்பாக. அவன் மூணு போன் மாத்திட்டான். ஒவ்வொரு தடவையும் அந்தப் பாட்டை மட்டும் புதுப் போனுக்கு மாற்றிக்கிட்டே வந்திருக்கான்.

மணி அடிச்சுட்டீங்க நடுவர் அவர்களே, இதோ முடிக்கிறேன். அன்றைக்கு ரயிலை விட்டு இறங்கி நேரா அண்ணன்கிட்ட போனேன். அந்தப் பாட்டு எதைப் பற்றியதுன்னு தெரியுமாண்ணா என்றேன். "ஏதோ கப்பல் பாட்டு"ன்னார். (சிரிப்பு) தீ விபத்து என்று சொன்னேன். ரொம்ப நேரம் பேசாமல் இருந்தார். அப்புறம் பீரோவைத் திறந்து அந்தக் கேசட்டை எடுத்தார். சிக்கின இடத்தை அன்றைக்கே செலோ டேப் போட்டு ஒட்டி வெச்சிருக்கார், எனக்கு இத்தனை வருஷம் சொல்லல. போட்டுக் கேட்க வீட்டில் டேப் ரெக்கார்டர் இல்லை. என் போனில் வெச்சேன். இரண்டு பேரும் உள்ளே உட்கார்ந்து கேட்டோம். இதோ, முன் வரிசையில் மூணாவது நாற்காலியில் இருக்கார். (பலத்த கைதட்டல்)