வரலாறு அறிந்த குரல்

பாடுவார்க்கு வரலாறு எதற்கு என்று மாதுங்காவில் இசை பயிலும் இளைஞர் வினவுவதுண்டு. அவர்க்கு இந்நகரத்தார் ஒருவரையே விடையாகக் காட்டலாம்.

விஷ்ணு நாராயண பாத்கண்டே பம்பாயில் வழக்கறிஞராய் இருந்தவர். இந்துஸ்தானி இசையில் தோய்ந்தவர். 1904-ஆம் ஆண்டு தென்னாடு போந்து, இன்றளவும் புகைவண்டி எட்டிப்பாராத எட்டயபுரத்தில் சுப்பராம தீட்சிதரைக் கண்டார். வேங்கடமகி பதினேழாம் நூற்றாண்டில் தஞ்சையில் யாத்த 'சதுர்தண்டிப் பிரகாசிகை'யின் படியை அவரிடம் பெற்றார். அந்நூலின் 72 மேளங்களை ஆராய்ந்தவர், பின்னர்த் தம் பக்கத்து இராகங்களைப் பத்துத் தாட்களில் அடக்கினார். அப்பகுப்பைக் குறை கூறுவாரும் உளர். ஆயினும், இராக இலக்கணத்தையே பாட்டாக்கி அவர் இயற்றிய லட்சண கீதங்களை மாணவர் இன்றும் பாடுகின்றனர்.

நிற்க. வேங்கடமகி காலத்தில் வழக்கில் இருந்த மேளங்கள் 19 மட்டுமே. ஏனையவை கணக்கிற் பிறந்தவை. கட்டி முடித்தும் ஆள் குடிபுகாத வீடுகள் போன்றவை. ஏட்டைப் படித்தவர்க்கன்றோ அவ்வீடுகள் உள்ளமை தெரியும்! கோடீசுவர ஐயர் அதனை அறிந்தவர். 72 மேளங்களிலும் தமிழிலேயே கீர்த்தனைகள் இயற்றி, 'கந்த கானாமுதம்' எனத் தந்தார். அவற்றுள் 40 விவாதி மேளங்கள். பாடினால் தீங்கு வரும் என்று வித்துவான்கள் பலர் அவற்றை ஒதுக்கிவைத்திருந்தனர். ஒரு பாட்டைக் கற்பதினும் இவ்வச்சம் எங்ஙனம் வந்தது என அறிவது பாடகனுக்குப் பெரும்பயன் தரும் என்பது என் கருத்து.

2010-இல் மறைந்த எஸ். ராஜம் அம்மேளங்களை அஞ்சாது பாடினார், பிறர்க்கும் கற்பித்தார். நம் மாதுங்கா மேடைகளிலோ அவை இன்னும் அரிதாகவே ஒலிக்கின்றன.