புனைகதையில் பொருட்பெயரும் உணர்ச்சிப்பெயரும்: புணே மராத்தி நாவலை முன்வைத்து

1. முன்னுரை

உரைநடைப் புனைகதை ஒரு மொழியில் வேரூன்றும்போது இருவகைப் பெயர்கள் அதற்குத் தேவைப்படுகின்றன. ஒன்று, வீட்டிலும் தெருவிலும் புழங்கும் பொருள்களின் பெயர்; மற்றொன்று, மாந்தர் மனத்தில் எழும் உணர்ச்சிகளின் பெயர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் மராத்தியும் தமிழும் இத்தேவையை ஏறத்தாழ ஒரே காலத்தில் எதிர்கொண்டன. அவ்வரலாறு மொழிபெயர்ப்பாளருக்கு விட்டுச்சென்ற சிக்கல் ஒன்றை இக்கட்டுரை ஆராய முற்படுகிறது.

2. இரு நாவல்கள்

புணேயில் வாழ்ந்த ஹரி நாராயண் ஆப்டே (1864-1919) 1890இல் ‘கரமணூக்’ என்னும் இதழைத் தொடங்கி, அதில் ‘பண் லக்ஷாத் கோண் கேதோ’ என்னும் நாவலைத் தொடராக வெளியிட்டார். இது யமு என்னும் பெண் தன் வரலாற்றைத் தானே கூறுவதாக அமைந்தது. தமிழில் அ. மாதவையாவின் ‘முத்துமீனாட்சி’ 1903இல் நூலாக வந்தது. அதுவும் பிராமணப் பெண்ணொருத்தியின் தன்வரலாறாக அமைந்த கதையே. இருவரும் ஆடவர், இருவரும் கைம்பெண்ணின் வாய்மொழியில் எழுதினர். ஆகவே பண்டிதர் நடையை விடுத்து, அடுக்களையிலும் உள்ளறையிலும் வழங்கிய சொற்களை அவர்கள் நாடவேண்டியதாயிற்று.

3. பொருட்பெயர்

பொருட்பெயர்கள் பெரும்பாலும் அவ்வம் மொழிக்கே உரியவை. மராத்தி வீட்டின் ‘மாஜ்கர்’ என்னும் நடு அறையைத் தமிழில் ‘கூடம்’ என்றால் முழுதும் பொருந்தாது. அப்படியே விட்டால் வாசகர்க்கு விளங்காது. எனினும் இச்சிக்கல் வெளிப்படையானது. மொழிபெயர்ப்பாளர் அவ்விடத்தில் தாமாகவே நின்று எண்ணிப்பார்க்கிறார்.

இதனினும் நுட்பமானது ‘ஆலவண்’ என்னும் சொல். தலை மழிக்கப்பட்ட மராத்தி பிராமணக் கைம்பெண் உடுத்திய செந்நிற ஆடையை இது குறிக்கும். இதனைச் ‘சிவப்புப் புடவை’ என்று பெயர்த்தால், தமிழ் வாசகர் மனத்தில் மணக்கோலமே தோன்றும். ‘வெள்ளைப் புடவை’ என்றால் நிறம் பொய்யாகிறது. ‘நார்மடி’ என்றாலோ, கைம்மை விளங்கும். ஆனால் புணே வீடு கும்பகோணத்திற்கு இடம்பெயர்ந்துவிடும். அக்காலப் புணே வாசகர்க்கு இப்பொருளின் பெயரே துயரத்தின் பெயராகவும் இருந்தது. தனியே ஓர் உணர்ச்சிச்சொல் வேண்டியதில்லை.

4. உணர்ச்சிப்பெயர்

உணர்ச்சிப்பெயர்களின் நிலை வேறு. இரு மொழிகளும் வடசொற்களை வெவ்வேறு காலங்களில், வெவ்வேறு வழிகளில் ஏற்றுக்கொண்டன. ஒலியொப்புமை நிலைத்தது, பொருள் பிரிந்தது. சில எடுத்துக்காட்டுகள்:

‘ராக்’: மராத்தியில் சினம், தமிழில் ‘ராகம்’ இசையைச் சார்ந்தது.
‘லோப்’: மராத்தியில் அன்பையும் குறிக்கும், ‘அன்பு நிலைக்கட்டும்’ என்னும் கருத்தில் கடித முடிவில் இச்சொல்லை எழுதுவது மரபு. தமிழில் ‘லோபம்’ கஞ்சத்தனம்.
‘மாயா’: மராத்தியில் பாசத்தையும் குறிக்கும், தமிழில் ‘மாயை’ பொய்த்தோற்றம்.
‘அபிமான்’: மராத்தியில் பெருமிதம், இன்றைய தமிழ் வழக்கில் ‘அபிமானம்’ பெரும்பாலும் பற்று.
‘சம்சார்’: மராத்தியில் இல்வாழ்க்கை, தமிழ்ப் பேச்சுவழக்கில் ‘சம்சாரம்’ மனைவி.

இவற்றுள் இறுதிச்சொல் உணர்ச்சிப்பெயர் அன்று. எனினும் குடும்பக் கதைகளில் மிகுதியாக வருவதாலும் இதே போக்கினதாதலாலும் உடன் தரப்பட்டது. ‘தாயின் மாயா’ என்னும் தொடரைத் ‘தாயின் மாயை’ என்று பெயர்த்தால், தாய்ப்பாசம் வஞ்சகமாக மாறிவிடும். வாக்கியம் இலக்கணப் பிழையின்றி நிற்பதால் இத்தவறு எளிதில் புலப்படாது.

5. முடிவுரை

அயற்பொருளின் பெயர் தன் அயன்மையைத் தானே அறிவிக்கிறது. உறவுச்சொல் போலத் தோன்றும் உணர்ச்சிப்பெயர் அதனை மறைத்துவிடுகிறது. எனவே, தெரியாத சொல்லுக்கு அகராதியைப் புரட்டும் மொழிபெயர்ப்பாளர், தெரிந்த சொல்லுக்கே முதலில் புரட்டவேண்டும் என்பது இங்குப் பெறப்படும் கருத்தாகும்.

ஆலவண் போன்ற சொற்களுக்குத் தமிழ் மரபிலேயே ஒரு வழி உண்டு. எண்வகை மெய்ப்பாடுகளுக்குப் பெயரிட்ட தொல்காப்பியமே, கருப்பொருளையும் வகுத்துக் கூறியது. பொருளைக் காட்டி உணர்ச்சியை உணர்த்துதல் நம் செய்யுள் நன்கறிந்த நெறியே. ஆடையின் மராத்திப் பெயரை அவ்வாறே நிறுத்தி, அதனை உடுத்தியவளின் மழிக்கப்பட்ட தலையை முன்வாக்கியத்தில் காட்டிவிட்டால், தமிழ் வாசகர் நிறத்தைக் கண்டு மயங்கார். யமுவின் துயரமும் விளக்கமின்றியே அவரைச் சென்றடையும்.