ஐந்து கோல்கள்

ஐந்து இளைஞர், ஐவர் கையிலும் நெடிய கோல்கள். கோலோடு கோல் மோத ஓங்கி நிற்கின்றனர். ஒருவர் உடை போல மற்றவர் உடை இல்லை. ஒருவர் நோக்கும் திசையில் மற்றவர் நோக்கவில்லை. ஆயினும் எவர் உடம்பிலும் காயமில்லை. தரையில் ஒரு துளி குருதியில்லை. டாரட் என்னும் சீட்டுக்கட்டில் உள்ள ‘ஐந்து கோல்கள்’ என்ற சீட்டின் படம் இது. பூசல், போட்டி என்று குறி சொல்வோர் இதற்குப் பொருள் உரைப்பர்.

குறி பார்ப்பதில் நமக்கு நம்பிக்கை இல்லை. இச்சீட்டுகளின் வரலாறும் அந்நம்பிக்கைக்கு இடந்தருவதாயில்லை. பதினைந்தாம் நூற்றாண்டில் இத்தாலிய நாட்டுப் பிரபுக்களின் மாளிகைகளில் பொழுதுபோக்காக ஆடப்பட்ட சீட்டாட்டமே டாரட். 1781இல் கூர் த ழெபெலன் என்ற பிரெஞ்சு அறிஞர், இவை பண்டை எகிப்தியரின் மறைஞானம் என்று எழுதினார். எகிப்திய எழுத்தைப் படிக்கும் வழி 1822இல்தான் தெளிவாயிற்று என்பதை நினைத்தால் அக்கூற்றின் வலிமை விளங்கும். இன்று உலகெங்கும் பரவியுள்ள படங்கள் 1909இல் இலண்டனில் வெளிவந்தவை. தீட்டியவர் பமீலா கோல்மன் ஸ்மித் என்ற பெண். அவர் பெற்ற ஊதியம் அற்பம். கட்டுக்கு நிலைத்த பெயரோ பதிப்பாளர் ரைடருடையதும், திட்டம் வகுத்த வெயிட்டுடையதும். உழைத்தவர் பெயர் மறைவது நமக்குப் புதிய செய்தியன்று.

எனினும் வெயிட் இச்சீட்டுக்குத் தந்த விளக்கம் சிந்திக்கத் தக்கது. விளையாட்டாக நடிக்கும் போலிப் போர் என்ற பொருளையும், செல்வம் தேடி மனிதர் நடத்தும் கடும் போட்டி என்ற பொருளையும் அவர் அருகருகே வைத்தார். அப்படியாயின் நாம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. இவ்வைவரின் போட்டியால் பயன்பெறுபவர் யார்? அவர் படத்துக்குள் இருக்கிறாரா, வெளியே நிற்கிறாரா?

இக்கேள்விக்கு விடை தேட நாம் தொலைவு போக வேண்டியதில்லை. புத்தளம் கடலேரிக்கும் பெருங்கடலுக்கும் நடுவே நீண்டு கிடக்கும் கற்பிட்டித் தீபகற்பத்தில், எத்தாளையின் மணலில் நின்று பார்த்தாலே போதும்.

‘முக்கர ஹட்டன’ என்னும் சிங்கள ஏட்டுச்சுவடி, பதினைந்தாம் நூற்றாண்டுப் போர் ஒன்றைச் சொல்கிறது. கோட்டை மன்னன் ஆறாம் பராக்கிரமபாகு, புத்தளத்தில் வலிமை பெற்றிருந்த முக்குவரை அடக்கக் காஞ்சிபுரம், காவிரிப்பூம்பட்டினம், கீழக்கரை ஆகிய இடங்களிலிருந்து கரையார் வீரரை வரவழைத்தானாம். ஏடு சொல்வதை அப்படியே வரலாறாகக் கொள்ள வேண்டியதில்லை. ஆனால் அதன் உட்பொருள் தெளிவானது. மோதியவர் இரு திறத்தாரும் கடலை நம்பி வாழ்ந்த மக்கள். வென்றது அரசனின் அதிகாரம்.

பின்னர் ஒல்லாந்தர் வந்தனர். 1667இல் தொடங்கி 1676இல் கற்பிட்டிக் கோட்டையைக் கட்டி முடித்தனர். கடலேரி வழியே கண்டி இராச்சியத்துக்குச் சென்ற வணிகத்தை அடக்கி வைப்பதே அதன் நோக்கம். மலைநாட்டுப் பாக்கு இறங்கி வரவேண்டும். கரையோர உப்பு ஏறிச் செல்லவேண்டும். 1766ஆம் ஆண்டு உடன்படிக்கையால் தீவின் கரை முழுவதும் கம்பெனியின் வசமாயிற்று. கோட்டையும் முடியும் கோல் ஓங்கின; உப்பு அள்ளியவனுக்கும் பாக்குச் சுமந்தவனுக்கும் அதில் கிடைத்ததென்ன?

இவை பழங்கதைகள். 1990 ஒக்தோபரில் நடந்ததோ நம் தலைமுறையின் கதை. விடுதலைப் புலிகள் வட மாகாணத்து முஸ்லிம்களை, ஏறத்தாழ 75,000 பேரை, வெளியேற்றினர். மன்னாரிலிருந்து பலர் படகேறிக் கற்பிட்டிக் கரையில் இறங்கினர். இப்பகுதி மக்கள் பள்ளிவாசல்களையும் பாடசாலைகளையும் திறந்துவிட்டனர். உண்ட சோற்றைப் பகிர்ந்தனர். அந்த ஈரத்தை வரலாறு மறக்கலாகாது.

ஆனால் நாட்கள் ஆண்டுகளாயின. எல்லாம் இழந்து வந்தவன் வெங்காயத் தோட்டத்தில் குறைந்த கூலிக்கும் இசைந்தான். ஊர்க் கூலியாள் வேலை இழந்தான். கிணற்றடியில், பாடசாலை அனுமதியில், அரசாங்க வேலையில் முணுமுணுப்பு எழுந்தது. ஒரே மொழி பேசி, ஒரே திசை நோக்கித் தொழுதவரும் ‘ஊரார்’ என்றும் ‘அகதி’ என்றும் பிரிந்தனர். கூலி குறைந்ததால் இலாபம் கண்ட தோட்ட முதலாளியை எவரும் வையவில்லை. அவர் படத்துக்கு வெளியே நின்றார். துரத்தி விட்டவர்களும், மீள வழிசெய்யாது காலங்கடத்திய அரசுகளும் அங்கேயே நின்றன.

2009இல் போர் ஓய்ந்தது. சிலர் திரும்பினர், பலர் இங்கேயே வேரூன்றினர். இம்மண்ணில் பிறந்த பிள்ளையையும் ‘அகதிப் பிள்ளை’ என்று சக மாணவன் அழைக்கக் கேட்டு, ஆசிரியராகிய நாம் தலைகுனிந்ததுண்டு. அச்சொல்லை அந்தச் சிறுவன் படைக்கவில்லை. நம் வீடுகளில் கற்றான். ஆகவே மறக்கச் செய்ய வேண்டிய கடமையும் நம்முடையதே.

சீட்டில் உள்ள ஐந்து கோல்களும் காய்ந்த விறகல்ல; அவற்றில் தளிர் விட்டிருப்பதைக் காணலாம். கரைவலை இழுக்கும் நம் மக்களுக்கு ஒன்று தெரியும்: ஆளுக்கொரு பக்கம் இழுத்தால் வலை கரை சேராது. ஓங்கிய கைகள் சற்றுத் தாழட்டும். தாழ்ந்தால், எதிரே நிற்பவன் முகம் தெரியும். அவனும் நம்மைப் போல் உழைத்துண்பவன் என்பது தெரியும். அதன்பின் ஐவரும் சேர்ந்து படத்துக்கு வெளியே நிற்பவரிடம் கணக்குக் கேட்கலாம்.